வளைவில் விழுந்த துளை

கோட்டையின் பழைய வெடிமருந்துக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்குக் கலைக் கண்காட்சி திறப்பு. மூன்று மணியாகியும் காட்சிக்காகச் சிற்பி செய்த ராட்சதச் சங்கிலி வளையம் தரையில்தான் கிடந்தது. அதைத் தாங்க வேண்டிய இரும்புச் சட்டம் இரண்டடி குட்டையாக வந்து தொலைத்திருந்தது. தொங்கவிடும் வேலையைக் குத்தகை எடுத்திருந்த தம்பிக்குக் கண்மண் தெரியவில்லை. சாரத்தில் ஏறி, கூரை வளைவின் கல்லிலேயே டிரில்லை வைத்துவிட்டான்.

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். கோட்டைக்குக் கொத்தனார் அவள். மூன்று வருஷம் மல்லாந்து படுத்து அந்த வளைவின் விரிசல்களைச் சுண்ணாம்பால் அடைத்தவள்.

"டேய், நிறுத்துடா! அதுல ஒரு கல்லு நழுவினாலும் மொத்தமும் சரிஞ்சு வந்துடும்!"

"நானூறு வருஷம் நின்னது, என் போல்ட்டுக்கா விழப்போகுது? நாலு இறக்கியாச்சு. போக்கா, போய்க் கரணையக் கழுவு."

அவள் சாரத்தில் ஏறி ஒயரைப் பிடுங்கினாள். அவன் புறங்கையால் அவள் வாயில் அறைந்தான். அவள் மேல் ஒரு நாளும் ஓங்காத கை. உதடு கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. இடுப்புச் சுத்தியலை உருவி அவன் மணிக்கட்டில் ஒரே போடு போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் கீழே நின்ற ஆட்களுக்கும் கேட்டது. அவன் அலறிக்கொண்டே எட்டி உதைத்தான். எட்டடி உயரத்திலிருந்து கல் தரையில் விழுந்தவளின் தோள்பட்டை கழன்றுவிட்டது.

"தூக்குங்கடா!" என்று மேலிருந்து கத்தினான்.

போல்ட்டுகளில் மாட்டியிருந்த கப்பியின் கயிற்றை ஆட்கள் இழுத்தார்கள். வளையம் ஆள் உயரம் எழும்பியது. அவள் முகத்தில் சுண்ணாம்புத் தூள் மாவு சலித்த மாதிரி விழுந்தது.

"ஓடுங்க!" என்று அலறினாள்.

கீழே நின்றவர்கள் அவளையும் இழுத்துக்கொண்டு ஓடித் தப்பினார்கள். கல், சாரம், வளையம் எல்லாம் அவனோடு சேர்ந்து இறங்கின. அவள் புழுதிக்குள் தடவிப் போய், ஒற்றைக் கையால் கடப்பாரையை அவன் கால்மேல் கிடந்த வளையத்துக்கடியில் செருகி, அதன்மேல் விழுந்து அழுத்தினாள். ஆட்கள் அவனை வெளியே இழுத்தபோது முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது.

ஆஸ்பத்திரி நடைவழியில் விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார். "துளை போட்டது யாரும்மா?"

தம்பி மனைவி அவள் காதருகே கெஞ்சினாள். "பழைய கல்லு, தானா விழுந்துச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி. அவரு ஜெயிலுக்குப் போயிடுவாரு."

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பிச் சொன்னாள். "நல்லா நின்ன கல்லு சார். என் தம்பிதான் துளை போட்டான். அவன் கைய ஒடிச்சது நான்."

"இனி நீங்க எங்களுக்கு யாருமில்ல. போயிடுங்க!" என்றாள் தம்பி மனைவி.

"டாக்டர் வெளிய வரட்டும், போறேன்."

கழன்ற தோளுக்குக் கட்டுப் போட நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டாள். அவள் அறுவைசிகிச்சை அறைக் கதவைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.