சுண்ணாம்புக் கோடு

இடுப்பில் இருந்த குடத்தை இறக்காமல் தேவம்மா சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். குடத்தில் வெந்நீர் இருந்தது. மஞ்சளும் அரப்பும் போட்டுக் கலக்கியது. வீட்டிலிருந்து லாயம் வரை நடந்ததில் தளும்பி, சேலையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. சூடாக நனைந்த இடம் இப்போது சில்லென்று தொடையில் ஒட்டியது.

"ஹத்ர பரபேடிம்மா," என்று கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குதிரைப்படைத் தபேதார் பசவராஜ் கையை ஆட்டினார். பிறகு அவளுக்காகத் தமிழுக்கு மாறினார். "கிட்ட வர வேணாம். டாக்டர் ஆர்டர்."

"குளிப்பாட்டணுங்க."

"தெரியும்மா. அதுக்குத்தான் வேணாங்கறேன்."

அவருக்குப் பின்னால் தீவனக் கொட்டகை இருந்தது. அதிலிருந்த வைக்கோலை வெளியேற்றிவிட்டுத்தான் அவள் புருஷன் சித்தையனைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மற்ற நோயாளிகளோடு வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் இறந்துபோனான். கதவு சாத்தியிருந்தது. கதவைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புத் தூளால் அரைவட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். நேற்றைய தூறலில் ஒரு இடத்தில் கரைந்திருந்ததை யாரோ மறுபடி தூவிச் சரிசெய்திருந்தார்கள்.

தேவம்மா அந்தப் புதுத் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. குடம் கனத்தது.

பின்னாலேயே மாரக்காள் வந்து சேர்ந்தாள். சித்தையனின் அக்கா. கொள்ளேகாலத்திலிருந்து நேற்று மாலையே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியவள், தம்பிக்கு உயிர் இருக்கும் என்று நினைத்து வந்தாள். வந்த களைப்பும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து அவள் குரலில் இருந்தது.

"குளிப்பாட்டாம எடுக்கறதுக்கு என்ர தம்பி என்ன ரோட்டுல செத்த நாயா? ஏப்பா தபேதாரு, நீயும் ஒருத்திக்குப் பொறந்தவன்தான?"

"அக்கா, நானும் அவனும் ஒண்ணாக் கப்பல் ஏறினவங்க. எகிப்துல ஒரே தட்டுல தின்னவங்க. எனக்கு மட்டும் இது ஆசையா?"

"ஒரே தட்டுல தின்னுட்டு உனக்கு ஒண்ணும் வரலியே!"

பசவராஜ் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

"எங்க சனத்துல மண்ணுக்குள்ள வெக்கறதுதான் வழக்கம்," மாரக்காள் விடவில்லை. "எரிக்கோணும்னு சொல்றீங்க. சரி, எரிச்சுக்கங்க. தண்ணி வாக்க வேணாங்கறீங்க. அதுவும் போகட்டும். வாய்க்கரிசி போடவாவது உடுவீங்களா? இல்ல, அதையும் உங்க டாக்டரே போட்டுக்குவாரா?"

"கித்தான்ல வெச்சுத் தெச்சப்புறம் இங்க கோட்டுக்கிட்டக் கொண்டாந்து வெப்போம். அப்பப் போடுங்க."

"தெச்சப்புறம் வாயி எங்க இருக்கும்?"

பசவராஜ் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

தேவம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "தெக்கறதுக்கு முன்னால ஒருக்கா முகத்தைப் பாத்துக்கறனுங்க," என்றாள். "தொட மாட்டேன். கோட்டைத் தாண்ட மாட்டேன். கதவைத் தொறந்து காட்டினாப் போதும்."

பசவராஜ் "கேட்டு வர்றேன்," என்று சொல்லி டாக்டரின் அறைப் பக்கம் நடந்தார்.

மாரக்காள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "குதிரைக்கு மூக்குச் சிந்தி உட்டானாம். பெத்தவ இருமி இருமிச் செத்தா, ஒரு நா கசாயம் வெச்சுக் குடுத்தானா இவன்?" என்றாள். யாரிடம் என்று இல்லை.



சித்தையனின் குதிரை செவலைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது மழை ஆரம்பித்த சமயம். தினமும் காலையில் அதிகாரி வரிசையைப் பார்வையிட வருவார். மூக்கு ஒழுகும் குதிரையைத் தனியாகப் பிரித்துக் கட்டிவிடுவார்கள். பிரித்துக் கட்டிய குதிரை திரும்பி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. அதிகாரி வருவதற்கு முன்னால் சித்தையன் தன் தலைப்பாகையின் நுனியால் செவலையின் மூக்கைத் துடைத்துவிட்டு விறைப்பாக நிற்பான். அந்தத் துணியை அவள்தான் துவைத்தாள். கஞ்சி போட்டது போல ஒரு முனை மட்டும் மஞ்சளாக விறைத்திருக்கும். என்ன என்று கேட்டபோது, "செவலைக்குச் சளி. யாருகிட்டயும் மூச்சு உட்றாத," என்றான்.

ஏரிக்கரையில் நொச்சித் தழை ஒடித்துக் கொடுத்ததும் அவள்தான். வாளியில் தழையைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி, குதிரையின் முகத்துக்கு அடியில் வைத்து, மேலே கம்பளியைப் போர்த்துவான். அது மிரளாமல் இருக்கத் தன் தலையையும் உள்ளே விட்டுக்கொள்வான். கம்பளிக்குள் இருவரும் தும்முவார்கள். வெளியே வரும்போது அவன் முகமெல்லாம் ஈரமாக இருக்கும். "எனக்கும் சேத்துச் சளி போச்சு," என்று சிரிப்பான்.

சண்டை முடிந்து எகிப்திலிருந்து திரும்பும்போது குதிரைகளைக் கப்பலில் ஏற்றவில்லை. வயதானவற்றை அங்கேயே சுட்டார்கள். அவனுடையதும் வயதானது. அதைப் பற்றி அவளிடம் அவன் பேசியது ஒரே ஒரு முறைதான். "கயித்தைக் கையில குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்," என்றான். அவ்வளவுதான்.

காய்ச்சல் வந்து, கையில் கட்டிகள் வரிசையாகக் கிளம்பி உடைந்து, அவனை இந்தக் கொட்டகைக்குக் கொண்டுவந்த பிறகு டாக்டர் வாசலில் நின்று கேட்டார். "எந்தக் குதிரை?" ஒரே தொட்டியில் எல்லாக் குதிரைகளும் தண்ணீர் குடிக்கின்றன, தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போகும், குதிரைகளோடு ஆட்களும் போவார்கள் என்றார். சித்தையன் உள்ளே படுத்தபடியே, "எந்தக் குதிரையும் இல்லீங்க, சார்," என்றான். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறவன் அவன் தம்பி லிங்கப்பன். அவன் வாசலின் ஓரத்தில் நின்றான். மூக்கில் துணிகூடக் கட்டியிருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோட்டுக்கு வெளியே நின்ற தேவம்மா, "செவலை," என்றாள்.

சித்தையன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

செவலையின் கண்ணிமையில் மருந்து ஏற்றினார்கள். மறுநாள் காலையில் அந்தக் கண் வீங்கி மூடியிருந்தது. கண் வீங்கினால் நோய் இருக்கிறது என்று அர்த்தமாம். செவலையை லாயத்துக்குப் பின்னால் தனியாகக் கட்டினார்கள்.

அதன் பிறகு அவள் எப்போது வந்தாலும் அவன் முதுகைத்தான் பார்த்தாள். பனியன் தோளில் கிழிந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. கஞ்சி கொண்டு உள்ளே போகும் லிங்கப்பன் வெளியே வந்து, "தூங்கறாருங்க அண்ணி," என்பான். அவன் சொல்லும்போதே உள்ளே இருமல் கேட்கும்.

பசவராஜ் திரும்பி வந்தார். தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிட்டார். அருகில் வந்து, "கதவைத் தொறக்கவே கூடாதுன்னுட்டார், தாயி," என்றார்.

"சரிங்க," என்றாள் தேவம்மா.

"சரிங்கறா பாரு," மாரக்காள் நிமிர்ந்தாள். "ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்ல? உனக்குன்னு ஒரு வாயே இல்லியா, அம்மிணி?"

இருந்தது. அதைத்தான் ஒரு தடவை திறந்திருந்தாள்.

லிங்கப்பன் கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து வந்தான். வாயையும் மூக்கையும் சுற்றித் துணி கட்டியிருந்தான். கண்கள் மட்டும் தெரிந்தன. பழைய கூடாரத்தின் கித்தான் ஒன்று வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. பினாயிலில் முக்கிப் போட்டது. அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, தபேதாரிடம் கோணி ஊசியும் மெழுகு நூலும் வாங்கினான்.

"தனியாவா தெக்கற?" என்றார் பசவராஜ்.

"ஜூலு கிழிஞ்சா நாந்தான தெக்கறேன்," என்றான் லிங்கப்பன். குதிரைக்குப் போர்த்தும் கம்பளத்தை லாயத்தில் ஜூல் என்பார்கள். "அண்ணன் கோணலாத் தெப்பாரு. அவருதையும் நாந்தான் தெச்சுக் குடுப்பேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வெயில் ஏறியது. குடத்துத் தண்ணீர் முழுவதும் ஆறிவிட்டது. தேவம்மா அதைத் தூக்கி, கோட்டின் மேல் படாமல், அருகிலிருந்த புங்க மரத்தின் அடியில் ஊற்றினாள். அரப்பின் நுரை வேரைச் சுற்றி நின்று மெல்ல அடங்கியது. காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மரத்தில் சாய்ந்து நின்றாள். கித்தானில் ஊசி ஏறும் சத்தம் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. ஒரு குத்து, பிறகு நூல் இழுபடும் நீண்ட சத்தம். மறுபடி ஒரு குத்து.

லாயத்தின் பின்புறம், மலையைப் பார்த்த வெளியில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது.

மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. மாரக்காள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "அதென்ன, தசராவுக்கா? குதிரைகளை வேட்டுக்குப் பழக்குவாங்களாமே?"

பசவராஜ் தேவம்மாவைப் பார்த்தார். பிறகு மாரக்காளிடம், "ஹௌது, அக்கா. ஆமா, தசராவுக்குத்தான்," என்றார்.

கதவுக்குப் பின்னால் ஊசிச் சத்தம் நின்றிருந்தது. தேவம்மா காத்திருந்தாள். இரண்டாவது வேட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நூல் இழுபடும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அவளுக்குள் எதுவும் அசையவில்லை. கட்டை விரலால் மரப்பட்டையில் ஒரு சின்னத் துண்டைப் பெயர்த்து எடுத்தாள். கீழே போட்டாள். இன்னொரு துண்டைப் பெயர்த்தாள்.

கதவு திறந்தது. லிங்கப்பனும், அவன் கூப்பிட்டு உள்ளே வந்த, மூக்கில் துணி கட்டிய இன்னொரு ஆளும் கட்டிலோடு தூக்கி வந்து கோட்டுக்கு உட்புறம் வைத்தார்கள். காய்ந்த கித்தான் தகரம் போல விறைத்திருந்தது. இரண்டு முனைகளும் ஒரே மாதிரி மடித்து ஒரே மாதிரி தைக்கப்பட்டிருந்தன. தையல் நேராக இருந்தது. தேவம்மா நினைத்திருந்ததைவிட அது சின்னதாக இருந்தது.

மாரக்காள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அரிசியை அவிழ்த்தபடி எழுந்தாள். நோய்க்குப் பத்தியச் சோறு வடிக்கலாம் என்று சொந்த வயலிலிருந்து கொண்டுவந்த அரிசி. இரண்டடி நடந்து, கட்டிலைப் பார்த்து, நின்றுவிட்டாள். காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தவளின் வாய் திறந்தபடி இருந்தது. 

"நீயே போடு, அம்மிணி," என்றாள் கடைசியில். "எனக்குக் கை வல்ல." அரிசி முழுவதையும் தேவம்மாவின் முந்தானையில் கொட்டினாள்.

தேவம்மா கோட்டின் விளிம்பு வரை போனாள். பசவராஜ் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான்.

"தலை எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம், அண்ணி." லிங்கப்பன் ஒரு முனையைத் தொட்டுக் காட்டினான்.

"முகம்?"

லிங்கப்பன் மூக்கிலிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கினான். ஊசி குத்திய விரலை வேட்டியில் துடைத்தான்.

"மேல பாத்தாப்புலதான் இருக்குது," என்றான். "நாந்தான் திருப்பி வெச்சேன்."

தேவம்மா தலையை ஆட்டினாள்.

அவன் தொட்டுக் காட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வாய் இருக்கும் என்று தோன்றிய இடத்துக்கு மேலே கையைக் கொண்டுபோய், விரல்களை மெல்லத் தளர்த்தினாள். அரிசி விறைத்த கித்தானில் விழுந்து, சலசலவென்று உருண்டு, இரண்டு பக்கமும் வழிந்தது. இரண்டாவது கைப்பிடியை எடுத்தாள்.

அன்று யாரும் இன்னும் குதிரைகளுக்குக் கொள்ளு வைக்கவில்லை. எதிரே நீள வரிசையில் கட்டியிருந்தவை காதுகளை நிமிர்த்தின. ஒன்று குளம்பால் தரையைத் தட்டியது. பிறகு ஒவ்வொன்றாக, கயிறு விட்ட மட்டும் தலையைத் திருப்பி, அவள் கையைப் பார்த்தன.