முட்டிக்குக் கீழே நான்கு விரல்

எனக்கு முட்டி வலி. ஆனால் வேலையே முட்டி பார்ப்பதுதான். காலை எட்டு மணியிலிருந்து எட்டே முக்கால் வரை ஸ்கூல் கேட்டில் நின்று, பெண் பிள்ளைகளின் பாவாடை முட்டிக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து அளக்க வேண்டும். பையன்களுக்கு முடியும் பெல்ட்டும். எல்லோருக்கும் ஷூ. விளையாட்டு டீச்சராகச் சேர்ந்தவள் நான். பத்தொன்பது வருஷத்தில் பிள்ளைகளை ஓடவிட்டதைவிட நிறுத்திவைத்ததுதான் அதிகம். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்கேல் மிஸ். என் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு படி மேல். "முட்டி டாக்டர் கிளம்பியாச்சா?" என்பார். அதற்குச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெள்ளைச் சட்டை போட்ட வெளி ஆள் ஒருவன் மாணவன் மாதிரியே உள்ளே நுழைந்து, மூன்றாவது பீரியட் வரை வராந்தாவில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிரின்சிபல் மேடத்துக்குத் தூக்கம் போய்விட்டது. பெற்றோர் கூட்டம் கூட்டினார். அன்றிலிருந்து சட்டம் இதுதான்: யூனிஃபார்மில் ஒரு நூல் பிசகினாலும் கேட்டைத் தாண்டக் கூடாது. திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டுதான் வர வேண்டும். எல்லாம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. பெற்றோர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லத் தெம்பு வேண்டுமே.

திருப்பி அனுப்பும் பிள்ளைக்கு ஒரு சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுப்பேன். அடிக்கட்டை என்னிடம் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸில் ஒப்படைப்பேன். அதற்குள் வகுப்பு டீச்சர் அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டிருப்பார். பத்து மணிக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர், 'உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை' என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பியிருக்கும். எட்டரைக்குக் கேட்டில் அழுதுகொண்டு நின்ற பிள்ளை, பத்து மணிக்குப் பள்ளிக்கே வராத பிள்ளை ஆகிவிடும். இதில் இருந்த ஓட்டை இத்தனை நாளும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

அன்று திங்கட்கிழமை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கடைசியில் வந்தாள். லீவில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள் போலிருக்கிறது. பாவாடை வளரவில்லை. முட்டிக்கு மேலேயே இரண்டு விரல் நின்றது.

"என்னம்மா இது?"

"உள்ள மடிப்பு இருக்கு மிஸ். பிரிச்சா எறங்கிடும். அம்மா ஞாயித்துக்கிழமை பிரிச்சு விடறேன்னாங்க. அசதியில தூங்கிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை நேத்தே முடிஞ்சுபோச்சே."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மிஸ். வீட்ல யாரும் இல்ல. அம்மா வேலைக்குப் போயிட்டாங்க, சாவியும் அவங்ககிட்டதான்."

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. பக்கத்து வரிசையில் இன்னும் முப்பது பேர். என் வலது முட்டி விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ஒருத்தியை விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் வீட்டில் சாவி இல்லை என்பார்கள்.

"சரி பண்ணிட்டுதான் உள்ள வரணும். போ," என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று பார்க்கவில்லை. அடுத்த பாவாடைக்குக் குனிந்துவிட்டேன்.

மதியம் ஒன்று பத்துக்கு அவளுடைய அம்மா வந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அன்று அவளுக்கு அரை நாள்தான் வேலை. வீட்டுக்குப் போனவள், மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கிளார்க் ரெஜிஸ்டரைப் புரட்டி, "ஆப்சென்ட்டும்மா. பத்து மணிக்கே மெசேஜ் போயிருக்கே," என்றார்.

"வேலை எடத்துல போன் அலவ்டு இல்லீங்க. லாக்கர்ல வெச்சிருந்தேன், மெசேஜ் பாக்கல. அவளை வேன்ல ஏத்திவிட்டதே நான்தானே?"

சத்தம் கேட்டுப் பிரின்சிபல் மேடம் வந்தார். நான் அப்போது ஆபீஸில் வலி மாத்திரைக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"பதறாதீங்கம்மா," என்றார் மேடம். "ரெஜிஸ்டர்படி பொண்ணு இன்னிக்கு ஸ்கூலுக்கே வரல. வேன்லேர்ந்து எறங்கினதுக்கு அப்புறம் எங்கயாவது..." பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். ஏழாம் வகுப்பு, திங்கட்கிழமை, ஆப்சென்ட். நான் கேட்டில் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று அவருக்கும் கணக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பார்வை.

இருந்திருக்கலாம். அடிக்கட்டை என் பையில்தான் இருந்தது. நாலு மணிக்கு முன்னால் கிழித்துப் போட்டால் அது வெறும் காகிதம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்கள் ஆபீஸுக்குச் சொல்லியா தர வேண்டும்? எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

"வந்தா. நான்தான் திருப்பி அனுப்பினேன்," என்றேன்.

"எங்க அனுப்பினீங்க?" என்றாள் அந்த அம்மா.

"வீட்டுக்கு."

"வீட்ல யாருங்க இருக்கா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாட்ச்மேன் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். அந்த அம்மா பூங்காப் பக்கம் போனாள். நான் கேட்டை விட்டு இறங்கித் தெருத் தெருவாக நடந்தேன். நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. நாலரை மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்பதைப் பேப்பரில் படித்தவள்தானே நான். படித்ததெல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றது. வேண்டாத தெய்வம் இல்லை.

கேட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை ஒன்று பூட்டியே கிடக்கும். அதன் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கேட்டிலிருந்து எண்ணி முப்பதடி இருக்காது. மடியில் புத்தகப் பை. கையில் ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸ். அதன் முனையால் பாவாடை மடிப்பின் தையலை ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தையலை நெருக்கமாகப் போட்டிருந்தாள், இரண்டு மூன்று வருஷம் தாங்கட்டும் என்று. படியில் நூல் துணுக்குகள் பொடிப்பொடியாகக் கிடந்தன. பிள்ளையின் கட்டைவிரலில் ரத்தம் காய்ந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "இன்னும் பின்பக்கம் மட்டும்தான் மிஸ். கை எட்ட மாட்டேங்குது. முடிச்சுட்டு வந்துடறேன்."

"காலையிலேர்ந்து இங்கயா இருக்க?"

"நீங்கதானே மிஸ் சரி பண்ணிட்டு வரச் சொன்னீங்க."

எனக்கு அழுகை வந்தது. பிள்ளை முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்குக் கூட்டிவந்தேன். பாவாடை முன்னால் தொங்கியும் பின்னால் தூக்கியும் இருந்தது. அவள் அம்மா எங்கிருந்தோ ஓடிவந்து, முதுகில் இரண்டு வைத்தாள். வைத்த கையாலேயே கட்டிக்கொண்டு அழுதாள். மேடம் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல. இதைப் பெருசு பண்ண வேணாம்," என்றார்.

"மிஸ், டைம் என்ன?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒண்ணே முக்கால். ஏன்?"

"ரெண்டு மணிக்கு அந்த அங்கிள் வரேன்னாங்க. வரலன்னு சொல்லணும்."

"எந்த அங்கிள்?" என்று மூன்று பேரும் சேர்ந்து கேட்டோம்.

"பைக்ல வந்தாங்களே. காலையில ரெண்டு தடவை வந்தாங்க. எங்க வீட்டுக்கு வா, கத்தரி இருக்கு, அஞ்சு நிமிஷத்துல பிரிச்சுத் தரேன்னாங்க. பாதி தொங்குது, இதோட எப்படி வண்டியில ஏறறதுன்னு வெக்கமா இருந்துச்சு, வரலன்னுட்டேன். சரி, ரெண்டு மணிக்குள்ள முடி, வீட்ல கொண்டுபோய் விடறேன்னாங்க."

அந்த அம்மா கேட் கம்பியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் போனை எடுத்துப் போலீஸ் நம்பரை அழுத்தினேன். மணி போய்க்கொண்டிருந்தபோதே, கேட்பார்களே என்று அவளிடம் கேட்டேன்.

"ஆள் எப்படி இருந்தான்?"

"நல்லவங்கதான் மிஸ்."

"நல்லவன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சட்டையை நீட்டா இன் பண்ணியிருந்தாங்க. பெல்ட் போட்டிருந்தாங்க. முடி ஒட்ட வெட்டியிருந்தாங்க. ஷூ பளபளன்னு பாலிஷ் போட்டிருந்துச்சு மிஸ்," என்றாள் அவள். "நீங்களே பாத்திருந்தாலும் உள்ள விட்டிருப்பீங்க."