மைலோ டின்னுக்குப் பின்னால்

வசந்தன் ஸ்டூலின் மேல் அரிசி வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் மைலோ டின்னை வைத்தான். டின்தான் ஷீலாவின் தலை. உட்கார்ந்தால் மகள் இந்த உயரம் இருப்பாள் என்று அவனாக முடிவு செய்திருந்தான்.

பாக்கார் ஆராங் வட்டாரத்தில் வரிசை வீடு. அடுப்படியிலிருந்து வாசல் கேட் வரை ஒரே நேர்கோடு. இந்தக் கோடியில் கேமரா, கூடத்தில் ஸ்டூல், கேட்டில் தீபாவளி விளக்குச் சரம். பழைய லென்ஸ், கையால் திருகித்தான் ஃபோக்கஸ் வைக்க வேண்டும். டின்மேல் வைத்துவிட்டால் பின்னாலிருக்கும் ஒவ்வொரு பல்பும் கரைந்து மஞ்சள் வட்டமாக ஊதும். மூன்று நாளாக டின்னையே பிடித்துப் பழகியிருந்தான்.

பக்கத்து வீட்டுப் பழனியாண்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னா வசந்தா, தீவாளிய நாலு மாசம் முன்னாலயே இழுத்துக் கொண்டாந்துட்ட?"

"சும்மா டெஸ்ட்டுண்ணே."

"முறுக்கு சுட்டா சொல்லு லா."

மனைவி உமாராணி பிரிந்து மெர்கோங்கில் அக்கா வீட்டுக்கு மகளோடு போய் இரண்டு வருடம். போகும்போது ஆல்பங்களையும் அள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஷீலாவின் தலை அவன் சட்டைப் பை உயரம், கேட்டின் மேல்கம்பிக்குக் கீழே. அதற்குப் பிறகு போனில் குரல் மட்டும்தான். இன்று மகளுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். ஒரு மணி நேரம் விடுகிறேன் என்றிருந்தாள் உமாராணி. அவனுக்கு ஒரு படம் போதும், சுவரில் மாட்ட.

ஆறரைக்கு வரவேண்டிய கார் ஏழரைக்கு வந்தது. உமாராணி இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. நீல பாஜு குரோங் அங்கியில் உள்ளே வந்த ஷீலா டின்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, இது நானா?"

"நீதான். உக்காரு."

டின்னையும் வாளியையும் இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். கேமராவுக்குள் வாயும் கழுத்தும்தான் தெரிந்தன. நெற்றி சட்டத்துக்கு வெளியே நின்றது. அவன் அவசரமாகக் கேமராவுக்கு அடியில் பழைய டெலிபோன் புத்தகங்களைத் திணித்தான். வெளியே ஹார்ன் அடித்தது.

"போன்ல புடிங்கப்பா. அதுவே பின்னால பிளர் பண்ணிடும்."

"அது பொய் லா. முடியெல்லாம் வெட்டிரும். ஒரு நிமிசம் இரு."

மறுபடி ஹார்ன், இந்த முறை நீளமாக. ஷீலா எழுந்தாள். வாளியையும் டின்னையும் ஸ்டூலில் திரும்ப வைத்தாள். "இவ ஆடாம உக்காருவா, இவளப் புடிங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள். கேட்டருகே போய்த் திரும்பிக் கையை உயர்த்தினாள். அவன் அழுத்தினான். ஃபோக்கஸைத் திருகத் தோன்றவில்லை.

கார் போய்விட்டது. திரையில் டின் அவ்வளவு தெளிவாக இருந்தது, விளிம்பில் ஒட்டியிருந்த மாவுத்தூள் முதற்கொண்டு. பின்னால் மஞ்சள் வட்டங்கள். அவற்றின் நடுவே, முகம் இல்லாமல், நீலமாக ஒரு கரைசல். பெரிதாக்கினான், இன்னும் கரைந்தது. அதன் தலை உச்சியில் விரலை வைத்துப் பார்த்தான். கேட்டின் மேல்கம்பியைத் தாண்டியிருந்தது.