கைப்பிடிமேல் ஒரு பூ

பெண் கேட்கப் போகிறவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகக்கூடாது என்று ஏபனுக்கு யாரும் சொல்லவில்லை. அதிலும் பிரிட்டோரியாவில், அக்டோபர் மாதத்தில், தெரு முழுக்க ஜக்கரண்டா ஊதாப் பூவாகக் கொட்டிக் கிடக்கும்போது, நீச்சல் குளம் இருக்கிற வீட்டுக்கு.

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். அனலீன் எப்போதோ சரி சொல்லிவிட்டாள். ஆனால் பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய் நின்று கேட்காமல் மோதிரத்தை வெளியே எடுக்கிற வழக்கம் அந்தக் குடும்பங்களில் இல்லை. ஏபன் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து பார்த்தான். முதல் தடவை அவள் அப்பா பெர்டஸ் தொலைக்காட்சியில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார். பேசாதே என்று கையைக் காட்டிவிட்டார். இரண்டாவது தடவை காரின் வயிற்றைப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தார். இரண்டு தடவையும் ஏபன் சாப்பிட மட்டும் வாயைத் திறந்துவிட்டு வீடு திரும்பினான்.

மூன்றாவது சனிக்கிழமை அனலீன் வாசல் கேட்டிலேயே அவனை நிறுத்தினாள். காலரைச் சரிசெய்வதுபோல் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கும் கேக்காம போனே, நானே போய் எங்கப்பாகிட்ட உன்னைப் பொண்ணு கேட்டுடுவேன்" என்றாள்.

ஊம் பெர்டஸ் குளக்கரையில் குந்தியிருந்தார். வயதில் பெரிய ஆண்களை ஊம், பெண்களை டானி என்று, நம் மாமா, அத்தை மாதிரி, சொல்லாமல் அந்த ஊரில் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை; ஏபனும் "ஊம் நல்லா இருக்கீங்களா" என்றுதான் தொடங்கினான். அவர் நிமிரவில்லை. தண்ணீரையே காட்டினார். "பூச்சி நின்னுபோச்சு."

பூச்சி என்பது குளத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரம். அனலீன் சின்னவளாக இருந்தபோது வைத்த பெயர். வட்டமாக ஒரு ரப்பர் பாவாடை, அதன்மேல் ஒரு கழுத்து, கழுத்திலிருந்து கரை வரைக்கும் மிதக்கிற நீளக் குழாய். பம்பு இழுக்கிற இழுப்பில் அது தானாகவே தரையெல்லாம் ஊர்ந்து அழுக்கை உறிஞ்சும். உள்ளே இருக்கிற ரப்பர் நாக்கு அடித்துக்கொள்ளும் டக் டக் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். இப்போது சத்தம் இல்லை. ஆழமான பக்கத்தில், முகம் கோணிக்கொண்ட பிள்ளை மாதிரி ஒரு மூலையைப் பார்த்து நின்றிருந்தது.

பம்புக்கு வயசாகிவிட்டது, இன்றைக்கு வேறு எதுவும் பேசுவதற்கில்லை என்றார் ஊம். அனலீனின் பழைய சிநேகிதன் வீகஸ் ஒரு தடவை பம்பை ஓங்கி ஓர் உதை விட்டான், உடனே ஓடிற்று என்றும் சேர்த்துக்கொண்டார். வராந்தாவிலிருந்து அனலீன், "அப்புறம் ஒரு மாசம் ஓடலையே, அதையும் சொல்லுங்கப்பா" என்றாள்.

ஏபன் எதையும் உதைக்கிறவன் அல்ல. கட்டடங்களுக்கு எவ்வளவு கல், எவ்வளவு சிமெண்ட் என்று கணக்குப் பார்க்கிற வேலை அவனுக்கு. ஒரு தொகையைக் கூட்டி முடித்ததும் கீழேயிருந்து மேலாக இன்னொரு தரம் கூட்டுவான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். குளமுள்ள வீட்டில் வளர்ந்தவனும் அல்ல. ஆனால் அனலீனின் சிநேகம் ஏற்பட்ட நாளிலிருந்து பூச்சியைப் பற்றி இந்த வீட்டில் அவ்வளவு பேச்சு கேட்டிருந்தான். எது எங்கே போய் எதில் சேருகிறது என்று மனப்பாடமாகியிருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

முதலில் குளத்துச் சுவரில் தண்ணீர் உள்ளே போகிற வாய்க்குள் இருந்த கூடையைத் தூக்கினான். ஊதாப் பூக்கள் ஊறி, கஞ்சி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கொட்டும்போதுதான் வெள்ளைச் சட்டை தன் முதல் கறையைப் பெற்றது. குழாயைக் கழற்றிவிட்டு அந்த வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இழுக்கத்தான் செய்தது, ஆனால் நோயாளி கைகொடுக்கிற மாதிரி. பம்பின் மூடிக்குள் தண்ணீர் நிறைந்து தெளிவாக ஓடியது. குமிழி ஒன்றுகூட இல்லை. ஆக, காற்று எங்கேயும் நுழையவில்லை. மணல் வடிகட்டியைத் தண்ணீர் திருப்பிவிட்டுக் கழுவினான். அப்படியும் இழுப்பு ஏறவில்லை.

பம்பு வீட்டின் பின்புறம், மதிலோரம், கரி மூட்டை அடுக்குகிற கொட்டகையை ஒட்டி இருந்தது. அங்கே இரண்டு குழாய்கள் வந்து சேரும். ஒன்று பூச்சியிடமிருந்து வருவது. மற்றது குளத்தின் அடித்துவாரத்திலிருந்து வருவது. இரண்டிலும் ஒவ்வொரு கைப்பிடி. குழாயோடு சேர்ந்து படுத்திருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பூச்சி ஓட வேண்டுமானால் அடித்துவாரத்தை மூடியிருக்க வேண்டும். அது பாதி திறந்து கிடந்தது. பம்பின் பலமெல்லாம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏபன் அதைக் குறுக்கே திருப்பினான். குளத்தின் பக்கமிருந்து டக் டக் என்று சத்தம் கிளம்பியது.

அவன் முகத்தில் பெருமையை மறைக்கத் தெரியாமல் வந்து சேர்ந்தபோது ஊம் பெர்டஸ் பூச்சியையே பார்த்தபடி, பரவாயில்லை, ஓடுகிறது என்றார். அவர் குரலில் அத்தனை சந்தோஷம் இல்லை. இறைச்சி சுடுகிற அடுப்புக்குக் கரி எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனார். கரியோடு வந்து, குனிந்து தீ மூட்டி, நாற்காலியில் உட்கார்ந்தார். இதுதான் சமயம் என்று அனலீன் கண்ணைக் காட்டினாள். ஏபன் தொண்டையைச் செருமினான்.

"ஊம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்…"

"இரு," என்றார் ஊம். "சத்தம் நின்னுபோச்சே."

நின்றுதான் போயிருந்தது.

ஏபன் மறுபடி முதலிலிருந்து பார்த்தான். கூடை காலி. மூடிக்குள் குமிழி இல்லை. கொட்டகைப் பக்கம் போனான். அடித்துவாரத்தின் கைப்பிடி குழாயோடு படுத்துக் கிடந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒன்று நினைத்திருப்பார்கள். ஏபன் நினைத்தது தன்னைப் பற்றி. மூடினேனா? மூடினதாகத்தானே ஞாபகம்? அப்படியானால் ஓடியது எப்படி? அரைகுறையாகத் திருப்பி, அது மெல்ல நழுவிவிட்டதோ? கைப்பிடியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது, தானாக நழுவுகிற கைப்பிடி அல்ல. அழுத்தமாகக் குறுக்கே திருப்பினான். பிறகு, தன்மேல் நம்பிக்கையில்லாத ஆள் என்பதால், மதில்மேல் கிடந்த ஜக்கரண்டாப் பூ ஒன்றை எடுத்து அந்தக் கைப்பிடிமேல் வைத்தான். காற்றடித்து விழுந்தால்? இன்னொரு பூவை எடுத்துப் பக்கத்துக் கைப்பிடிமேலும் வைத்தான். காற்று என்றால் இரண்டும் விழட்டும்.

திரும்பி வந்தபோது பூச்சி ஆழத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. அடுப்பில் இறைச்சி ஏறியது, காபி வந்தது, ரஸ்க் வந்தது. ரஸ்க்கைக் காபியில் நனைத்தபடி ஊம் பெர்டஸ் மழையைப் பற்றிப் பேசினார், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசினார். ஏபன் வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, இடுக்கி கொட்டகையில் இருக்கிறது என்று எழுந்தார். இடுக்கி அடுப்போரம் அவர் காலடியிலேயே சாய்ந்திருந்தது. அவர் போன சிறிது நேரத்தில் டக் டக் தேய்ந்து நின்றது. அவர் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். நாற்காலியில் விழுந்து, "பம்புதான். நான் சொன்னேன்ல" என்றார்.

ஏபன் பின்பக்கம் போனான். பக்கத்துக் கைப்பிடிமேல் பூ வைத்தது வைத்தபடி இருந்தது. அடித்துவாரத்தின் கைப்பிடி படுத்துக் கிடக்க, அதன் பூ தரையில் நசுங்கிக் கிடந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஏபனுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்தது. இந்த மனிதர் தன் பெண்ணைக் கொடுக்க விரும்பவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல மனசில்லாமல் பூச்சியை விட்டுச் சொல்லச் சொல்கிறார். போகட்டும், காருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் கையெல்லாம் பாசி. கழுவிக்கொள்ளச் சமையலறைக்குள் போனான்.

அனலீனின் அம்மா டானி ராலி உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சோப்பை நகர்த்தி வைத்தாள். பிறகு கேட்காமலே பேச ஆரம்பித்தாள். இந்த மனுஷர் விடியற்காலையிலேயே எழுந்துவிட்டாராம். இருக்கிறதிலேயே நல்ல ஆட்டிறைச்சியாக வேண்டும் என்று கசாப்புக் கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றாராம். வந்து தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டாராம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்ததில்லை. காலையில் பொரித்து வைத்த முட்டை இன்னும் தட்டில் அப்படியே இருக்கிறது.

ஏபன் நனைந்த கையோடு நின்றான். அவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மெல்லச் சொன்னான்.

டானி ராலி கத்தியைக் கீழே வைத்தாள். "பிடிக்காதவன்னா ஒரே வார்த்தையில முடிச்சிருப்பார்டா. வீகஸ் வந்து கேட்டப்போ அவன் உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள இல்லேன்னுட்டார். உன்கிட்டதான் அவருக்கு இல்லேன்னு சொல்ல வரல. சரின்னு சொல்லவும் வாய் வரல." கிழங்கை மறுபடி கையிலெடுத்தாள். "அன்னிக்கு ரக்பி பாத்தாரே, அது போன வருஷத்து ஆட்டம். எத்தனை புள்ளியில ஜெயிச்சாங்கன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவார்."

ஏபன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே இன்னொரு தரம் துடைத்தான். சனிக்கிழமைகளில் குளத்தை அப்பாவும் பெண்ணுமாகத்தான் சுத்தம் செய்வார்கள் என்று அனலீன் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் நீளக் கம்பில் வலையைப் பிடித்து மிதக்கிற பூவை வாருவாள். அவர் பூச்சியோடு மல்லுக்கட்டுவார். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அப்படித்தான். மழை, விருந்தாளி, பரீட்சை, எதற்காகவும் நிற்காத வேலை.

அவன் காருக்குப் போகவில்லை. கொட்டகைப் பக்கம் போய், பம்பை மூடுகிற மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தான். கைப்பிடியைத் தொடவில்லை.

நினைத்ததுபோலவே சற்று நேரத்தில் ஊம் பெர்டஸ் வந்தார். கையில் காலி வாளி. எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. ஏபனைக் கண்டதும் நின்றார். அவர் பார்வை கைப்பிடிக்குப் போயிற்று, அங்கிருந்து தரையில் நசுங்கிக் கிடந்த பூவுக்கு, அங்கிருந்து பக்கத்துக் கைப்பிடிமேல் குந்தியிருந்த பூவுக்கு. கணக்கு அவருக்கும் வரும். கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோனார்.

ஏபன் எழுந்து நின்றான். அடுக்கி வைத்திருந்த வாக்கியம் எதுவும் நாக்குக்கு வரவில்லை.

"ஊம், இது ஒரே நாள்ல சரியாகிற கோளாறு இல்ல போல," என்றான். "வாரா வாரம் வந்து பாக்கணும்."

ஊம் வாளியைக் கை மாற்றினார். "வாரா வாரமா?"

"சனிக்கிழமை தோறும். அனலீனும் வரணும், வலை பிடிக்க ஆள் வேணுமில்ல."

"நீங்க சென்சூரியன் ஊருக்குக் குடி போயிடுவீங்க. ஒவ்வொரு வாரமும் யாரு வருவாங்க? மொதல்ல எல்லாரும் சொல்றதுதான்."

"சொன்னா வருவேன். வீட்டைப் பூட்டினேனான்னு பாக்கவே நான் ரெண்டு தரம் திரும்பிப் போறவன். ஊமோட பூச்சியை விட்டுடுவேனா?"

பெரியவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "மழை பெஞ்சா?"

"பெஞ்சாலும்."

"ரக்பி இருந்தா?"

"புது ஆட்டமா இருந்தா கூட உக்காந்து பாக்குறேன். போன வருஷத்து ஆட்டம்னா, ஊம், நேரா குளத்துக்குப் போயிடுறேன்."

ஊம் பெர்டஸ் சிரித்தார். சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணும் நனைந்துவிட்டது. வாளியைக் கீழே வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே, ராலிக்கு இருக்கிற வாய் யாருக்கும் இல்லை என்று முணுமுணுத்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு நிமிர்ந்து, இஸ்திரி போட்ட சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக நின்றார்.

"சரி, கேளு. ஒழுங்கா கேளு. என்ன கேட்டான், எப்படிக் கேட்டான்னு ராத்திரி பூரா ராலி என்னைத் துளைச்சு எடுப்பா."

ஏபன் கேட்டான். ஒழுங்காகத்தான் கேட்டான்; நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்தது, அதை இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள். ஊம் பெர்டஸ் தன் பெரிய கையை நீட்டி அவன் கையைப் பிடித்து, வெகுநேரம் விடவில்லை. வாயால் சரி என்று சொன்னாரா என்று பிற்பாடு அனலீன் கேட்டபோது ஏபனுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அடித்துவாரத்தின் கைப்பிடியை அவரே குனிந்து குறுக்கே திருப்பினார், நிதானமாக, கடைசி வரைக்கும்.

குளத்தின் பக்கமிருந்து டக் டக் கிளம்பியது. "ஓடுதுப்பா!" என்று அனலீனின் குரல் வந்தது. ஒரு வினாடி கழித்து, வேறு மாதிரியான குரலில், "என்னப்பா, கேட்டுட்டானா?" என்று கேட்டாள்.

"வா, இறைச்சி கருகுது," என்று ஊம் வாளியை அங்கேயே மறந்துவிட்டு முன்னால் நடந்தார். ஏபன் பின்னால் நடந்தான். கொட்டகை முனையில் ஒரு கணம் தயங்கி, திரும்பிப் போய், கைப்பிடி மூடித்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். மூடித்தான் இருந்தது.

வந்தவனை அவர் முனையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மூடியிருக்கா?"

"மூடியிருக்கு, ஊம்."

"நல்லா பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, அவனைத் தாண்டிப் போய்த் தானும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.