ஜார்விஸ் பெட்வே ஓடிக்கிட்டிருக்கான்

அக்டோபர் ரெண்டாவது வெள்ளிக்கிழம டான்ட்ரெல் ஹாப்டி எறிஞ்ச பந்து இன்னும் கீழ வரல. லோவெல் க்ரீக் பள்ளிக்கூட மைதானம், நம்ம பசங்க மூணு பாயிண்ட் பின்னாடி, கடிகாரத்துல நாலு செகண்ட் பாக்கி. அலபாமாவுல ஃபுட்பால்னா கையால எறியற ஆட்டம்தான். எறியறவன் டான்ட்ரெல், ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் ஜார்விஸ் பெட்வே. ரெண்டு பேருக்கும் பதினேழு வயசு, ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சவனுங்க. பந்து வெளக்குக் கம்பத்துக்கு மேல போச்சு. ஜார்விஸ் அண்ணாந்து பாத்துக்கிட்டே ஓடினான், கோட்டத் தாண்டினான், பருத்திக் காட்டுக்குள்ள போய் மறைஞ்சுட்டான். கடிகாரம் பூஜ்யத்துல நின்னுருச்சு. ஆனா பந்து கையில விழணும், இல்ல தரையில விழணும், அதுவரைக்கும் ஆட்டம் முடியாதுங்கறது சட்டம். ரெஃப்ரி க்ளீவன் விசில வாயில வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னாரு. அப்புறம் அதப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு, நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்கன்னாரு. கோட்டுக்கு வெளிய பிடிச்சா செல்லுமான்னு சலூன்ல ரெண்டு வாரம் சண்ட நடந்துச்சு.

ஷெரீஃப் நாய்ங்களோட தேடினாரு. நாய்ங்க காட்டு நடுவுல போய்ப் படுத்துக்கிட்டு வானத்தப் பாத்துச்சுங்க. ஆட்டத்துக்கப்புறம் மூணாவது ஞாயித்துக்கிழம, சர்ச் முடிஞ்சு ஜனங்க வந்துக்கிட்டிருந்தப்ப, ஜார்விஸ் அவங்கம்மா வெர்லீன் வீட்டுக் கொல்லப்பக்கமா ஓடினான். அதே எண்பத்திமூணு நம்பர் சட்ட, அண்ணாந்த மூஞ்சி, பாதி நீட்டின கை. வெர்லீன் தொண்ட கிழியக் கத்தினா, அவனுக்குக் கேக்கல. கூட்டத்துல நின்ன டான்ட்ரெல் ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஜார்விஸ் வேகத்தக் கொறச்சு, லேசா இந்தப் பக்கம் திரும்பினான். வெர்லீன் புள்ள மூஞ்சியப் பாத்தா. பாத்ததும் போயிட்டான். அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமதோறும் டான்ட்ரெல் அந்தக் கொல்லையில வந்து நின்னு ஒரு தடவ கூப்பிடுவான். வாரத்துல மிச்ச ஆறு நாளையும் வெர்லீன் அந்த ஒரு பார்வைய வெச்சு ஓட்டினா.

கீழ வராத பந்துன்னு சேதி பரவினதும் காலேஜ் கோச்சுங்க வர ஆரம்பிச்சாங்க. ஜனவரிக்குள்ள பதினோரு காலேஜ். டான்ட்ரெல் வீட்டு சோபா நடுவுல பள்ளம் விழுந்துருச்சு. ஒருத்தர் அவன் பேர் தச்ச சட்டையக் காட்டினாரு, ஒருத்தர் ஹெலிகாப்டர்ல வந்து சோளக் காட்டுல எறங்கினாரு. டான்ட்ரெல் எல்லார்கிட்டயும் ஒரே பதிலத்தான் சொன்னான், ஜார்விஸ் இல்லாம நான் எங்கயும் வரமாட்டேன்னு. கோச்சுங்க அத அவங்க தொழில் வழக்கத்துல புரிஞ்சுக்கிட்டாங்க. எறியறவன் வேணும்னா சிநேகிதனையும் சேத்து எடுக்கறது அவங்களுக்குப் பழக்கம். பதினோரு பேரும் ஜார்விஸுக்கு இலவசப் படிப்புக் காகிதத்தத் தூக்கிக்கிட்டு, அம்மா கையெழுத்துக்காக வெர்லீன் வீட்டுக்கு வந்துட்டாங்க. அந்தப் பையனுக்கு அதுவரைக்கும் எந்தக் காலேஜ்லேர்ந்தும் ஒரு கடுதாசி வந்ததில்ல.

"போன வருஷம் உயரம் பத்தலன்னு சொன்னது நீங்கதானே?"ன்னு வெர்லீன் ஒருத்தரக் கேட்டா.

"உண்மதாம்மா. ஆனா இவ்ளோ நாள் நிக்காம ஓடற பையன நாங்க பாத்ததே இல்ல"ன்னாரு அவரு.

கடைசியா வந்தவரு ராய்ஸ் டிட்மோர். தெக்கால ஒரு சின்ன காலேஜோட கோச், வயசானவரு, ஷூவுல சேறு. அவரு ஒருத்தர்தான் ஞாயித்துக்கிழமயாப் பாத்து வந்து, வெர்லீன் சுட்டுக் குடுத்த சர்க்கரவள்ளிக்கிழங்குப் பலகாரத் தட்டக் கையில வெச்சுக்கிட்டுக் கொல்லையில நின்னவரு. ஜார்விஸ் ஓடி வந்தான், டான்ட்ரெல் கூப்பிட்டான், ஜார்விஸ் திரும்பினான்.

"யாரும்மா இவனக் கூப்பிட்டுக் கெடுக்கறது?"ன்னாரு டிட்மோர். "பந்து மேலேர்ந்து கண்ண எடுக்கறான் பாருங்க. எடுத்தா அது எப்படிக் கைக்கு வரும்?"

வெர்லீன் அவரு கையிலேர்ந்து தட்ட வாங்கிக்கிட்டு உள்ள போய்ட்டா. பாதிப் பலகாரம் தட்டுல அப்படியே இருந்துச்சு.

பிப்ரவரியில பள்ளிக்கூட ஜிம்முல எல்லாரும் கூடினாங்க. மேசையில, பதினொண்ணுல கடைசிவரைக்கும் நின்ன நாலு காலேஜோட தொப்பி இருந்துச்சு, எதத் தலையில வெக்கிறானோ அங்க போறான்னு அர்த்தம். ஓரமா இருந்த வெளுத்த தொப்பி டிட்மோரோடது. டான்ட்ரெல் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தே இருந்தான். கால் மணி நேரமாச்சு. சலூன்காரன் பின்னாடிலேர்ந்து, "என்னப்பா, தல வீங்கிருச்சா, ஒண்ணும் பத்தலையா?"ன்னான். யாரும் சிரிக்கல. வெர்லீன் எழுந்து மேசைக்கு வந்தா.

"எத வேணா எடுடா."

"நான் போயிட்டா அவன யாரும்மா கூப்பிடறது?"

"யாரும் கூப்பிட வேணாம்."

"அப்புறம் அவன் மூஞ்சிய நீங்க எப்படிப் பாப்பீங்க?"

வெர்லீன், "பாத்தவரைக்கும் போதும்"னா. "அவன் பந்தப் பாக்கட்டும். நீ வாய மூடிக்கிட்டுப் போய்ப் படி."

அந்த வெளுத்த தொப்பிய எடுத்து அவன் தலையில அவளே வெச்சா. ஜார்விஸ் பேர்ல இருந்த காகிதத்துலயும் அங்கயே கையெழுத்துப் போட்டா.

டிட்மோர் வாக்கக் காப்பாத்தினாரு. நாலு வருஷமும் டீம் லிஸ்டுல எண்பத்திமூணாம் நம்பர் பெட்வேன்னு அச்சாச்சு. ஹாஸ்டல்ல டான்ட்ரெல் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில யாருக்கும் குடுக்கல. திங்கக்கிழம காலையில பெருக்க வர்ற பொம்பள, அதுக்கடியில செம்மண் கெடக்குதுன்னு சொல்லுவா, பெருக்கித் தள்ளிட்டுப் போவா. டான்ட்ரெல் இப்ப மோபில் டவுன்ல இன்சூரன்ஸ் விக்கிறான். தல நரைச்சுருச்சு. ஊருக்கு வந்தா வெர்லீன் பக்கத்துல நிப்பான், வாயத் தொறக்க மாட்டான். ஜார்விஸ் அதே பதினேழு வயசுல, மோவாயத் தூக்கிக்கிட்டு, யாரையும் பாக்காம ஓடிப் போவான். பள்ளிக்கூட ஸ்கோர் போர்டுல பூஜ்யம் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. க்ளீவன் செத்தப்ப விசில அவரு மகன் கழுத்துல மாட்டிக்கிட்டான்.

அண்ணாந்து ஓடறவனுக்குக் கம்பி தெரியாதுன்னு வெர்லீன் முதல்ல துணி காயப்போடற கொடிய அவுத்தா. அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரங்க அவங்கவங்க வேலியில எடைவெளி விட்டாங்க. ஜில்லா எல்ல வரைக்கும் நேர் கோடா ஒரு பாத இருக்கு. போன வருஷம் ஜார்ஜியாக்காரன் ஒருத்தன் ஒரு காட்ட வாங்கிப் புது முள்வேலி போட்டான். வெர்லீன் தடிய ஊணிக்கிட்டுப் போய் வெஷயத்தச் சொன்னா. அவன் தொப்பியக் கழட்டிட்டுக் கேட்டுக்கிட்டான். எவ்ளோ அகலம் வேணும்மான்னு மட்டும் கேட்டான்.

வெர்லீன் தடியக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினா. அவன் அளந்து பாத்துட்டு ரெண்டு கம்பத்தப் பிடுங்கினான்.