விசிட்டர் கார்டு

"சித்தப்பா மாதிரி வரணும்" என்று அப்பா என் உயிரை எடுக்காத நாளில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். காலையில் பல்கலைக்கழகம், மதியம் சித்தப்பா வேலை பார்க்கும் கம்பெனி. சுற்றிக் காட்டியதும் அவர்தான். "நல்லாப் படிச்சா இங்கெல்லாம் தானாக் கூப்பிடுவாங்க" என்று அவரும் ஆரம்பித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேன்டீனில் காபி குடித்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினோம். சித்தப்பா கதவில் தன் கார்டை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கார்டைச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

வரவேற்பு மேசைப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். எழுந்து வந்து அவரிடம் தணிந்த குரலில் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. ஆட்குறைப்பாம். அவருக்கும் இன்றோடு வேலை இல்லையாம். மெயில் இப்போதுதான் வந்திருக்கிறதாம்.

"கார்டு மக்கர் பண்ணுதுடா" என்று பின்னால் பையன்கள் சிரித்தார்கள். சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் முதலில் உள்ளே வந்தபோது அவரே என் கழுத்தில் மாட்டிவிட்ட விசிட்டர் கார்டை எடுத்துக் கதவில் வைத்தேன். பச்சை எரிந்து கதவு திறந்தது.

"வாங்க சித்தப்பா."

"என் பை உள்ள இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, என் பின்னாலேயே வந்தார்.