ஓரம் வெட்டிய தாள்கள்

நல்லகாமன் தன் முதலாளி சந்தானத்துக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். மனைவி முத்துத்தாய்க்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தபோது வாங்கிய முன்பணம். அந்தப் பாக்கி நோட்டில் இருக்கிறவரைக்கும் கோரிப்பாளையத்து பைண்டிங் கடையில் அவனால் வாய் திறக்க முடியாது.

1999 ஜூன் முப்பதாம் தேதி, பகல் ஒன்றரை மணி. கட்டிங் மிஷினின் கத்தி இறங்கி ஏறியதும் அவன் கீழே குனிந்து பார்த்தான். மேசை விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்த வெட்டுத் துண்டுகளில் பேனாவால் எழுதிய எண்கள் இருந்தன. 17. 32. 8. பக்க எண்கள்.

ஹம்சவேணி டீச்சர் டாக்டர் பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சிப் புத்தகம் அது. இங்கிலீஷ் பேப்பரில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள் ஒரு வரியை அடுத்த வரியோடு எப்படிக் கோக்கிறார்கள் என்று ஐந்து வருடமாகப் படித்து எழுதியது. புத்தகத்தின் கடைசியில் நாற்பத்தொரு தாள்கள். வெட்டி ஒட்டிய செய்தி ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தாள் ஓடும்; வரிக்கு வரி கலர் பேனாக் கோடு. ஒரு செய்தியில் ஒரு ஆளுக்குப் பச்சை என்றால், அவனை என்ன பேர் சொல்லி எழுதியிருந்தாலும் அந்தச் செய்தி முடிகிறவரை பச்சைதான்.

பசை ஈரம் காயட்டும் என்று அவற்றைக் கடை முழுக்கப் பரப்பி வைத்திருந்தான். கைக்கு வந்தபடி அள்ளி முதலில் ஓரம் வெட்டுவது, பிறகு எண் பார்த்து அடுக்குவது அவன் வழக்கம். எல்லாரும் எண்ணை மேலேதான் போடுவார்கள். டீச்சர் கீழே, வெட்டுப்படும் ஓரத்தில் போட்டிருந்தார்.

சந்தானம் எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படியோ அடுக்கித் தைச்சு விடுய்யா. கடைசித் தாள எவன் பொரட்டிப் பாக்கப் போறான்?"

"டீச்சர் பாப்பாக, மொதலாளி."

"எங்க பாக்குறது? நாலரைக்குள்ள யுனிவர்சிட்டியில குடுக்கலேன்னா அஞ்சு வருசப் பதிவும் ரத்து. வந்ததும் வாங்கிட்டு ஆட்டோவுல ஏறி ஓடும். நீ வாயத் தொறக்காத. இல்ல, அம்புட்டுப் பாக்கியும் இப்பவே எண்ணி வைக்கிறியா?"

நல்லகாமன் வெட்டிய தாள்களை அள்ளினான். தரையில் பரப்பி முன்னால் உட்கார்ந்தான்.

முப்பத்து நாலு வயதுவரை அவன் பேப்பர் குடோனில் பண்டல் சுமந்தவன். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சுமந்தான். அறிவொளி வகுப்பில்தான் தமிழ் எழுத்து வந்தது. அந்த ருசியில் இங்கிலீஷ் எழுத்தையும் பிடித்தான், விளையாட்டுப் பக்கத்தை வைத்துக்கொண்டு. பாதி புரியும். மீதியை ஸ்கோரைப் பார்த்து ஊகிப்பான்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. சில தாள்களின் தலையில் தேதி, ஊர், அணி, ஆளின் முழுப்பேர் எல்லாம் இருந்தன. சிலவற்றில் பேரே இல்லை. 'ஹி', 'தே', 'கேப்டன்' என்று மட்டும் கோடு போட்டிருந்தது.

ஊருக்குப் போகும் டி. கல்லுப்பட்டி பஸ் நினைவுக்கு வந்தது. பக்கத்து சீட்டுக்காரன் கதை சொன்னால் முதலில் 'கிழக்குத்தெரு காளை' என்பான். அப்புறம் 'அவன்'. அப்புறம் 'வாத்தியார் மருமகன்'. ஊர் வருவதற்குள் 'எடுபட்ட பய'. நடுவழியில் ஏறியவனுக்கு எடுபட்ட பய யாரென்று தெரியாது.

பேரில்லாத தாள்கள் நடுவழியில் ஏறியவை. முழுப்பேரோடு இருக்கிறவைதான் பஸ் கிளம்பும் இடம்.

பதினான்கு தாள்களைத் தலைத் தாள்களாகப் பிரித்து, தேதிப்படி வரிசையாக வைத்தான். மிச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்து, இங்கே கேப்டன் என்றால் எந்த அணிக்குக் கேப்டன், பச்சைக் கோட்டுக்காரன் கோல் போட்டவனா தடுத்தவனா என்று பார்த்து, பொருந்துகிற இடத்தில் வைத்தான். பனியன் நனைந்து முதுகில் ஒட்டியது. இரண்டரைக்கு ஒரே ஒரு தாள் மிஞ்சியது. '19 இயர் ஓல்ட்' என்பதற்குக் கீழே பச்சைக் கோடு. பத்தொன்பது வயதுக்காரன் யாரோ ஒருவன்.

இரண்டு ஹாக்கி செய்திகளில் அது பொருந்தும்போலத் தெரிந்தது. இரண்டிலும் பச்சை. ஒன்றில் சூரியபிரகாஷ். இன்னொன்றில் கோல்கீப்பர் ராஜேஷ்குமார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஹம்சவேணி டீச்சர் உள்ளே வந்தார். சந்தானம் சிரித்தபடி அவரிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். இருவருக்கும் வீட்டுமொழி அது. நல்லகாமனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் டீச்சர் முகத்தில் பதற்றம் இறங்கி நிம்மதி வந்தது புரிந்தது. அதுதான் அவனைக் குத்தியது.

"டீச்சர், கடைசித் தாளுக நம்பரு வெட்டுப்பட்டுப் போச்சு. வரிசையும் கலைஞ்சிருச்சு. தப்பு என்னுது. அடுக்கிருக்கேன், நீங்க ஒருக்கா பாருங்க."

சந்தானத்தின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி இரண்டு தாள்களை மாற்றி வைத்தார். மேலே புரட்டினார்.

"மிச்சம் சரியா இருக்குண்ணே. கையில என்ன?"

"இது மட்டும் தெரியல. ரெண்டு எடத்துல ஒக்காரும்போலருக்கு. ஆனா இந்த ராஜேஷ்குமாரு பன்னெண்டு வருசமா ஆடுறான்னு போட்டுருக்கு. பத்தொம்பது வயசுக்காரன்னா ஏழு வயசுலயா கோல் பிடிச்சான்? சூரியபிரகாஷாத்தான் இருக்கணும்."

டீச்சர் தாளை வாங்கிப் படித்தார். அவசரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவனேதான். தைங்கண்ணே, சீக்கிரம்!"

ஊசி ஏறி இறங்கியது. ஈரம் காயாத அட்டையை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அவன் ஏறி நின்றே அமுக்கினான். மூன்றே கால். டீச்சர் கூலியைக் கொடுத்துவிட்டு, புத்தகத்தைப் பலகையோடு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார்.

கடிகாரம் நாலரையைத் தாண்டியது. நாலே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. சந்தானம் எடுத்தார், கேட்டார், வைத்தார்.

"குடுத்துட்டாங்களாம். அஞ்சு நிமிசம் இருக்கும்போது."

நல்லகாமன் சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டான்.

"கடை மானத்தக் கஸ்டமர் முன்னாடி அவுத்துட்டியேய்யா. நாளைலருந்து வர வேணாம்." சந்தானம் நோட்டை எடுத்தார். "இந்த மாசச் சம்பளம் ஆயிரத்தெண்ணூறு. கழிச்சாச்சு. இன்னும் நாப்பது நிக்குது."

சட்டைப் பையில் ஐம்பத்திரண்டு ரூபாய் இருந்தது. நாற்பதை எண்ணி மேசையில் வைத்தான். சந்தானம் நோட்டை மூடப் போனார்.

"கணக்க அடிச்சுக் காட்டுங்க மொதலாளி."

"என்னய்யா, நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு வாசிக்கத் தெரியும்."

சந்தானம் அவனை ஒரு கணம் முறைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார். நல்லகாமன் குனிந்து தன் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தான். பக்கத்தில் 1840. இரண்டுக்கும் குறுக்கே கோடு ஓடி முடிகிறவரை நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினான்.